வித்தை காட்டும் படங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

 

இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக் கொண்டிருப்பது, கிதாபுகளில் தலைப்பாக இல்லாத, ஆனால் இன்று வீடுதோறும் எழுகின்ற ஒரு மஸ்அலா. செல்போனில் பிள்ளைகள் சாகசப் படங்களைப் பார்க்கிறார்கள். பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுகிறவன், மாடியிலிருந்து மாடிக்குத் தாவுகிறவன், ஓடும் ரயிலில் தொங்குகிறவன், வழிப்போக்கரைத் திடுக்கிடச் செய்து சிரிக்கிறவன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, கூடாதா? எதைக் காட்டலாம், எதைத் தடுக்க வேண்டும்?

இக்கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒரு சாரார், "எல்லாமே ஹராம், போனைப் பிடுங்கி வையுங்கள்" என்கின்றனர். மற்றொரு சாரார், "சின்னஞ்சிறுசுகள், பார்த்துவிட்டுப் போகட்டும், படம்தானே!" என்கின்றனர். முதல் விடையில் பிள்ளைக்குத் தெளிவு கிடைப்பதில்லை. இரண்டாவது விடையில் பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஷரீஅத் நமக்குத் தருவது இவ்விரண்டுமல்ல. அது ஒரு தராசைத் தருகிறது. அத்தராசைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

வீரத்தை மார்க்கம் தடுக்கவில்லை

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். உடல் வலிமையையும் விளையாட்டையும் இஸ்லாம் வெறுக்கவில்லை. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ருகானா என்ற மல்லரோடு மல்யுத்தம் செய்ததாக ஹதீஸ் கிதாபுகளில் காண்கிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும் அறிவிக்கப்பட்டுள்ளது. பெருநாளன்று அபிசீனிய மக்கள் மஸ்ஜிதில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, அன்னையவர்கள் அதைப் பார்த்து மகிழ, அவர்களாகவே போதும் என்று விலகும்வரை நாயகம் (ஸல்) அவர்கள் உடன் நின்றார்கள் என்று புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. இந்நிகழ்ச்சியில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வேடிக்கை பார்க்க அனுமதித்தார்கள். ஆனால் தனியே விட்டுவிட்டுப் போகவில்லை, கூடவே நின்றார்கள்.

இன்னொரு ஹதீஸ் நம் விஷயத்திற்கு மிகவும் நெருக்கமானது. மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி அளித்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். அது ஐந்தாறு மைல் தூரம் என்கிறார்கள். பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் மஸ்ஜிது வரை, சுமார் ஒரு மைல்தான். ஓடுவது இரண்டும் குதிரைதான். ஆனால் பயிற்சிக்குத் தக்கபடி தூரம் அளக்கப்பட்டது. சின்னஞ்சிறு ஹதீஸானாலும் இதில் பெரிய பாடம் அடங்கியிருக்கிறது.

அதுபோலவே அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் பதினான்கு வயதில் உஹதுப் போருக்கு முன்வந்தபோது அனுமதி கிடைக்கவில்லை. பதினைந்து வயதில் அகழ்ப் போருக்கு வந்தபோது அனுமதி கிடைத்தது. அந்தச் சிறுவரின் வீரத்தில் குறை இருந்ததா? இல்லை. காலம் வரவில்லை, அவ்வளவே. "நீ கோழை" என்று சொல்லவில்லை. "இன்னும் நேரம் வரவில்லை" என்பதே அதன் பொருள். நம் பிள்ளைகளிடம் நாம் சொல்ல வேண்டிய சொல்லும் அதுவே.

படமும் ஒரு செய்தியே

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக் கொள்ளும்படி ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறான். படமும் ஒரு செய்திதான். "நான் இதைச் செய்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நீயும் செய்யலாம்" என்பதே அது கொண்டுவரும் செய்தி. இச்செய்தி முழுமையானதா என்று விசாரிக்க வேண்டாமா?

ஒரு நிமிடப் படத்திற்குப் பின்னால், வெளியே வராத பல முயற்சிகள் இருக்கலாம். விழுந்த படங்கள் வெட்டி எறியப்பட்டிருக்கும். நின்ற படம் மட்டும் நம் கைக்கு வரும். கீழே விரித்த மெத்தையும், இடுப்பில் கட்டிய கயிறும், அருகில் நின்ற ஆட்களும் சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கலாம். பார்க்கும் பிள்ளைக்கு இவை எதுவும் தெரியாது.

நம் தமிழகத்திலேயே இதற்கோர் உதாரணம் உண்டு. யூடியூபில் பல லட்சம் பேர் பின்தொடரும் டி.டி.எஃப். வாசன் என்ற வாலிபர், 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று, தூக்கி எறியப்பட்டு, கை எலும்பு முறிந்தது. போலீசார் கைது செய்தனர். அக்டோபர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. யூடியூப் பக்கத்தை மூடிவிட்டு பைக்கை எரித்துவிடலாம் என்ற அளவுக்கு நீதிபதி சி.வி. கார்த்திகேயன் அவர்கள் கடிந்துரைத்தார். ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டது. பின்னர் நவம்பரில்தான் ஜாமீன் கிடைத்தது.

அந்த வாலிபரைப் பழிப்பது நம் நோக்கமல்ல. அவருக்கு நல்வழி கிடைக்க துஆச் செய்வோம். நாம் காட்ட விரும்புவது வேறு. விலை உயர்ந்த பாதுகாப்பு உடை அவருடைய உடலில் இருந்தது. அவரைப் பார்த்து அதே வித்தையைச் செய்ய எண்ணும் பையனிடம் இருப்பது ஒரு சட்டையும் ரப்பர் செருப்பும்தான். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிய கணமே, வண்டியைத் திருப்பும் சக்தி கையை விட்டுப் போய்விடுகிறது. முன் பிரேக்கும் பயனற்றதாகி விடுகிறது. இதைப் படம் சொல்வதில்லை.

இதையே தொழிலாகக் கொண்டவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு திரைப்படப் படப்பிடிப்பில், கார் உருளும் காட்சியில் அனுபவம் மிக்க சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் உயிரிழந்தார். ஆண்டுக்கணக்கில் பயின்றவருக்கே, ஏற்பாடுகள் செய்த இடத்திலேயே, நிலை இதுவென்றால், பயிலாத பிள்ளையின் கதி என்ன?

ஐந்து கேள்விகள்

இனித் தராசுக்கு வருவோம். ஒரு படத்தைப் பார்த்ததும் பெற்றோர் தமக்குள் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று: செய்பவர் யார், எங்கே செய்கிறார்? மல்லர் கம்பம், சிலம்பம், ஜிம்னாஸ்டிக் ஆகியவற்றை ஆசானின் கீழ்ப் பயின்றவர் அதற்குரிய களத்தில் செய்து காட்டினால், அது பயிற்சியின் காட்சி. மறைக்க வேண்டியதை மறைத்த உடையோடு, தொழுகை நேரத்தைக் கெடுக்காமல் இருக்குமானால் பார்ப்பதில் குற்றமில்லை. அதே தாவலைப் பொதுச் சாலையிலோ, தண்டவாளத்திலோ, கைப்பிடிச் சுவரில்லாத மாடியிலோ செய்தால் அதன் நிலை வேறு. தடுப்பில்லாத மாடியில் இரவு உறங்குபவர் தம் பாதுகாப்பைத் தாமே இழந்தவராகிறார் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. உறங்குவதற்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், அங்கே குட்டிக்கரணம் போடுவதற்கு என்ன சொல்வது?

இரண்டு: படத்தில் மறைக்கப்பட்டது என்ன? தலைக்கவசம் இருக்கிறதா? கயிறு, மெத்தை, உதவியாளர் தெரிகிறார்களா? விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் படமே எடுத்துச் சொல்கிறதா? ஆபத்தை மறைக்காமல், எப்படித் தயாரானோம் என்று விளக்கும் படங்களும் இருக்கின்றன. அவை நல்ல பாடமாகவும் அமையலாம்.

மூன்று: பிறருக்கு இடையூறு உண்டா? சாலைக்கு உரிய ஹக்கைக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிறருக்குத் துன்பம் தராதிருத்தல் அந்த ஹக்குகளில் ஒன்று (புகாரீ, முஸ்லிம்). நெடுஞ்சாலையை வித்தை மேடையாக்குபவர் இந்த ஹக்கைப் பறிக்கிறார். குறும்பு என்ற பெயரில் பிறரை அச்சுறுத்தும் படங்களும் இதில் சேரும். உறங்கிக்கொண்டிருந்த ஒரு தோழரின் கயிற்றை மற்றொருவர் எடுக்க, அவர் திடுக்கிட்டபோது, ஒரு முஸ்லிமைத் திகிலடையச் செய்வது ஆகுமானதல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என அபூதாவூதில் வந்துள்ளது. எனவே பிறரின் பயத்தை விற்றுச் சிரிப்பு வாங்கும் படங்களுக்கு நம் வீட்டில் இடம் வேண்டாம்.

நான்கு: எதற்காகச் செய்கிறார்? எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற கணக்குக்காகவே உயிரைப் பணயம் வைப்பது முகஸ்துதியின் ஒரு வடிவம். ரியாவைச் சிறிய ஷிர்க் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது இபாதத்தைப் பற்றியதுதான். ஆயினும் பிறர் பார்வைக்காகவே வாழும் பழக்கம் பத்து வயதில் படிந்துவிட்டால், அது தொழுகையிலும் தர்மத்திலும் பின்னால் வந்து நிற்கும்.

ஐந்து: இதை நாளைக் காலை என் பிள்ளை செய்து பார்க்க எண்ணினால், அதற்கான பொருள் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? ஐந்திலும் கனமான கேள்வி இதுவே. பனிமலையில் சறுக்குகிறவரின் படத்தை நம் ஊர்ப் பிள்ளை பார்த்தால் வியப்போடு நின்றுவிடும். சறுக்குவதற்குப் பனி இல்லை. ஆனால் பைக்கும், மாடியும், ரயில் படியும் வாசலிலேயே இருக்கின்றன. ஆகவே ஒரே படம் ஓர் ஊர்ப் பிள்ளைக்கு வேடிக்கையாகவும், மற்றோர் ஊர்ப் பிள்ளைக்கு விஷமாகவும் ஆகலாம். படத்தை மட்டும் எடை போடாதீர்கள். பிள்ளையையும், பிள்ளை நிற்கும் இடத்தையும் சேர்த்து எடை போடுங்கள்.

நம் வாசலில் இருப்பவை

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் வாழும் நமக்கு இந்த ஐந்தாம் கேள்வி மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை நம் பகுதியின் ஊடே செல்கிறது. சிப்காட்டுக்கு வரும் கன்டெய்னர் லாரிகளும் டிரெய்லர்களும் இரவு பகலாக ஓடுகின்றன. பாரம் ஏற்றிய லாரி, ஒரு பையன் எதிரே விழுந்தான் என்பதற்காக நினைத்த இடத்தில் நின்றுவிடாது. ஓட்டுநர் எவ்வளவு நல்லவராயினும் இயலாது.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்சார ரயில்கள் ஓடுகின்றன. படியில் தொங்கிப் படமெடுப்பதை மாணவர் சிலர் வீரமாகக் கருதுகின்றனர். ரயிலின் கூரையிலோ படியிலோ பயணம் செய்வது ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைக்கு உரிய குற்றம். அதைவிடக் கொடியது மேலே செல்லும் மின்கம்பி. அதில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. நின்றிருக்கும் சரக்கு வேகன்மீது படம் எடுப்பதற்காக ஏறுகிறவன் கம்பியைத் தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே மின்சாரம் தாவிப் பிடித்துவிடும். வண்டி நிற்கிறதே, ஓடவில்லையே என்று பிள்ளை எண்ணும். இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்விட்டுச் சொல்லி வைப்பது நம் கடமை.

பைக் விஷயத்தில் பெற்றோரின் பொறுப்பு இன்னும் பெரிது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குக் கியர் உள்ள பைக் ஓட்ட உரிமம் கிடையாது. 2019 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது.

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பால் வாங்கி வர, தங்கையை மத்ரஸாவில் விட்டு வர, பதினான்கு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுப்பவர் யார்? "நம் தெருவுக்குள்தானே" என்று சமாதானம் சொல்பவர் யார்? படம் ஆசையைத்தான் தருகிறது. சாவியைத் தருவது நாம். ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற ஹதீஸ், போனுக்கு மட்டுமல்ல, சாவிக்கும் பொருந்தும்.

வயதுக்கு ஏற்ற அளவு

பயிற்சிக்குத் தக்கபடி தூரம் என்ற குதிரைப் பந்தயத்தின் பாடத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். தொழுகையைக்கூட ஏழு வயதில் ஏவி, பத்து வயதில் கண்டிப்பு என்று படிப்படியாகத்தான் மார்க்கம் கற்பிக்கிறது.

ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உண்மை வேறு, காட்சி வேறு என்ற பகுப்பு நிலைபெறுவதில்லை. இவர்களுக்குச் சாகசப் படங்கள் வேண்டவே வேண்டாம். ஏழு முதல் பத்து வரை, களத்தில் பயின்றவர்கள் செய்யும் விளையாட்டுகளை மட்டும், பெரியவர் ஒருவர் உடனிருந்து காட்டலாம். பத்து முதல் பதினைந்து வரை மிகவும் கவனம் தேவை. காண்பதைச் செய்யும் வலிமை உடலுக்கு வந்துவிட்டது, விளைவை எண்ணும் பக்குவம் வரவில்லை. இவர்களோடு அமர்ந்து ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். பதினைந்துக்கு மேல், அவனே கேள்வி கேட்டு விடை சொல்லும்படி பழக்குங்கள். இவை பொதுவான அளவுகளே. துடுக்கான பிள்ளைக்கு ஓரிரு ஆண்டு தள்ளிப் போடுவதும் பெற்றோரின் விவேகம்.

போனிலும் சில ஏற்பாடுகள் உண்டு. சிறு பிள்ளைகளுக்கென யூடியூப் கிட்ஸ் தனியாக இருக்கிறது. கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியே நேரத்தையும் பார்ப்பதையும் வரம்பிடலாம். ஒரு படம் முடிந்ததும் அடுத்த படம் தானாக ஓடும் வசதியை நிறுத்தி வைக்கலாம். ஆபத்தான சவால் படங்களுக்குத் தடை உண்டென்று யூடியூப் 2019இலேயே அறிவித்தது. ஆயினும் அத்தடைகளைத் தாண்டி வருபவை ஏராளம். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது; அதே வித்தைகள் ரீல்ஸாகவும் ஷார்ட்ஸாகவும் வந்து சேர்ந்தன. ஆகவே பூட்டு வேண்டும், ஆனால் பூட்டே காவலன் ஆகிவிடாது.

அத்தாவின் தொழிலே பாடம்

"நான் ஷிப்டுக்குப் போகிறவன், எனக்கு இவையெல்லாம் எடுத்துச் சொல்லத் தெரியாதே" என்று தகப்பனார்கள் சொல்வதுண்டு. நாம் சொல்கிறோம்: உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை. தொழிற்சாலையில் உயரத்தில் ஏறும் முன் இடுப்பில் பெல்ட் மாட்டுகிறீர்கள். தலையில் ஹெல்மெட், காலில் சேஃப்டி ஷூ. இயந்திரத்தைப் பழுது பார்க்கும் முன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுகிறீர்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் இதில் விலக்குப் பெறுவதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியைத்தான் நீங்கள் தினமும் அமல் செய்கிறீர்கள். அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

ஒரு மாதிரி உரையாடல்:

"அத்தா, இந்த அண்ணன் எவ்வளவு தைரியமா தாவுறாரு பாருங்க!"

"ஆமாம்பா, நல்லாத்தான் தாவுறாரு. எத்தனை தடவை விழுந்திருப்பாருன்னு நினைக்கிறே?"

"அது தெரியலையே அத்தா."

"அதைத்தான் காட்டலை. அத்தா ஏணியில ஏறுனா இடுப்புல என்ன மாட்டுவேன்?"

"பெல்ட்டு."

"அப்போ பெல்ட்டு மாட்டுற அத்தா பயந்தாங்கொள்ளியா?"

இக்கேள்விக்குப் பிள்ளை சொல்லும் விடையில்தான் உங்கள் தீர்ப்பு இருக்கிறது. மறைக்கப்பட்டதை அவனே கண்டு சொல்லத் தொடங்கிவிட்டால், அந்தப் படம் அவனைக் கெடுக்காது. "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால், அவனுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அவ்வகைப் படங்களைச் சில காலம் நிறுத்தி வையுங்கள். ஏசாதீர்கள். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு உபதேசித்தபோது, ஒவ்வொரு முறையும் அன்பு மகனே என்றழைத்தே பேசியதைக் குர்ஆன் எடுத்துக் காட்டுகிறது. அந்த உபதேசத்தில்தான் பூமியில் கர்வத்தோடு நடக்காதே என்ற அறிவுரையும் வருகிறது.

"நாம் தடுத்தால் சிநேகிதன் வீட்டில் பார்ப்பானே?" என்று கேட்கலாம். பார்க்கக் கூடும். ஆனால் காரணம் அறிந்து தடுக்கப்பட்ட பிள்ளை அங்கேயும் அந்த ஐந்து கேள்விகளோடுதான் அமர்ந்திருப்பான். காரணமின்றிப் பிடுங்கப்பட்ட பிள்ளை, கோபத்தோடு அமர்ந்திருப்பான். ஆசைக்கு ஒரு மாற்று வழியும் காட்டுங்கள். நீச்சல், சிலம்பம், ஓட்டம் எதுவாயினும் ஆசானிடம் சேர்த்து விடுங்கள். வீரத்தை அடக்கினால் அது வேறு வழியில் பாயும், பழக்கினால் பயன்படும்.

உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்ற கருத்தை பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் போதிக்கிறது. செலவிடுவதைப் பற்றி இறங்கிய வசனமாயினும், உயிரை வீணே ஆபத்தில் இடுவதற்கும் உலமாக்கள் அதை ஆதாரமாகக் கொள்வர். தீன், உயிர், அறிவு, வமிசம், பொருள் ஆகிய ஐந்தைக் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். நம் பிள்ளையின் உயிர் நம் சொத்தல்ல, அது அமானத்.

எனவே இன்று இஷாவுக்குப் பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையை அருகே அழைத்து, "நீ கடைசியாகப் பார்த்த மூன்று படங்களை அத்தாவுக்குக் காட்டு" என்று அன்போடு கேளுங்கள். சேர்ந்து பாருங்கள். ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். பிறகு எழுந்து, பைக் சாவி எங்கே தொங்குகிறது என்று பார்த்து, அதைப் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உயிரையும் ஈமானையும் காத்து, அவர்களுடைய வலிமையை நன்மையின் வழியில் செலவிடச் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.